கான்பாலிக் சென்ற துறவி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப் பெரிய பேரரசு மங்கோலியருடையதாக இருந்தது. கருங்கடற் கரையிலிருந்து சீனக் கடல் வரை செங்கிஸ்கானின் வழிவந்தோர் ஆண்டனர். வாளும் அம்பும் கொண்டு அவர்கள் திறந்துவிட்ட பெருவழிகளில் வணிகர் பட்டும் மிளகும் ஏற்றிச் சென்றனர். தூதர்கள் அரச மடல்களைச் சுமந்து சென்றனர். இவ்விரு சாராரோடும், விற்பதற்கு ஒரு பொருளும் இல்லாத துறவிகள் சிலரும் நடந்து சென்றனர். அவர்களுள் ஒருவர், மேற்கிலிருந்து புறப்பட்டுத் தமிழகத்தின் கரையில் ஓராண்டுக்கு மேல் தங்கி, அங்கிருந்து கடல்வழியே சீனத் தலைநகரை அடைந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்து மறைந்தார். அவரே மொந்தெகொர்வினோ யோவான்.

மார்க்கோ போலோவின் பெயரை அறியாத மாணவர் இலர். அதே காலத்தில், அதே கடலில், எதிர்த் திசையில் பயணம் செய்த இத்துறவியின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. போலோ பொருளும் புகழும் பெற்று வீடு திரும்பினார். யோவானோ திரும்பவே இல்லை. அவர் எழுதிய சில மடல்கள் மட்டுமே திரும்பின. அம்மடல்களைக் கூர்ந்து நோக்கினால் ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றோடு வேறொன்றும் புலனாகின்றது. வேற்று மக்களிடையே சென்று வாழ்பவன் அவர்கள் மொழியைக் கற்றபோது என்ன நிகழ்கின்றது, கல்லாதபோது என்ன நிகழ்கின்றது என்பதற்கு அவை சான்றாக நிற்கின்றன.

துறவு நெறி

யோவான் கி.பி. 1247-ஐ ஒட்டித் தென் இத்தாலியில் பிறந்தார். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் மறைந்து அப்பொழுது இருபது ஆண்டுகளே கடந்திருந்தன. அவர் தோற்றுவித்த சிறிய சகோதரர் சபை ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பழைய மடத்துத் துறவிகள் ஒரே மடத்தில் நிலைத்து வாழ்ந்து, மடத்து நிலங்களின் விளைச்சலை உண்டு இறைவனைப் போற்றினர். பிரான்சிஸ்குச் சபையினரோ நிலமும் பொருளும் தமக்கென வேண்டாது, கிடைத்ததை இரந்துண்டு, ஊர் ஊராக நடந்து மக்களிடையே போதித்தனர். ஓரிடத்தில் வேர்விடாத அந்த நெறியே அவர்களைத் தொலை நாடுகளுக்கு ஏற்றவர்களாக ஆக்கியது எனலாம்.

1272-ஆம் ஆண்டில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேல், கிழக்குத் திருச்சபையையும் உரோமைத் திருச்சபையையும் இணைப்பது பற்றிப் போப்பாண்டவரிடம் பேச யோவானைத் தூதாக அனுப்பினார். அதன் பின்னர் அவர் ஆர்மேனியாவிலும் பாரசீகத்திலும் பல ஆண்டுகள் பணியாற்றினார். அக்காலத்தில் பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் ஆர்கூன், எகிப்தியருக்கு எதிராக ஐரோப்பியரின் துணையை நாடினார். அவர் அனுப்பிய ரப்பான் சௌமா என்னும் கீழைத் திருச்சபைத் துறவி, 1288-இல் உரோமை நகரில் போப்பாண்டவர் நான்காம் நிக்கோலாசைச் சந்தித்தார். சௌமா சீனத்து வடபுலத்தில் பிறந்தவர். கிழக்கிலிருந்து ஒருவர் மேற்கே வந்துவிட்டார். மேற்கிலிருந்து ஒருவர் கிழக்கே செல்ல வேண்டிய வேளை வந்தது.

அதற்கு முன்னரும் ஓர் அழைப்பு வந்திருந்தது. கற்றறிந்த நூறு பேரை அனுப்பி வைக்குமாறு குப்ளாய் கான் போப்பாண்டவரைக் கேட்டதாக மார்க்கோ போலோவின் நூல் கூறுகின்றது. அவ்வழைப்பை ஏற்று இருவர் மட்டுமே புறப்பட்டனர். அவ்விருவரும் பாதி வழியிலேயே அஞ்சித் திரும்பினர். நூறு பேரைக் கேட்ட நாட்டுக்கு இறுதியில் ஒருவர் சென்றார். 1289-ஆம் ஆண்டில் நான்காம் நிக்கோலாஸ், ஆர்கூன், குப்ளாய் கான் முதலிய ஆட்சியாளர்களுக்கு மடல்கள் எழுதி யோவானிடம் ஒப்படைத்தார். அப்பொழுது யோவானுக்கு வயது நாற்பத்திரண்டு.

சோழமண்டலக் கரையில்

1291-இல் பாரசீகத்துத் தப்ரீஸ் நகரிலிருந்து யோவான் புறப்பட்டார். மங்கோலிய இளவரசர்களிடையே மூண்டிருந்த போர் நடு ஆசியத் தரைவழியை அடைத்திருந்தது. ஆதலால் அவர் கடல்வழியை மேற்கொண்டார். தொமினிக்கன் சபைத் துறவியான பிஸ்தோயா நிக்கோலாசும், லூக்காலோங்கோ பேதுரு என்னும் வணிகரும் அவருக்கு வழித்துணை ஆயினர்.

அரேபியர் ‘மாபார்’ என அழைத்த தமிழகத்துக் கீழைக் கரையை அவர்கள் அடைந்தபோது, பாண்டியப் பேரரசு மாறவர்மன் குலசேகரனின் ஆட்சியில் உயர்ந்து நின்றது. காயல் துறைமுகத்தில் அரேபியக் குதிரைகள் இறங்கின. முத்தும் துணியும் ஏறின. புனித தோமையாரின் கல்லறை உள்ளதாகப் போற்றப்பட்ட மயிலாப்பூர்க் கோயிலை மையமாகக் கொண்டு யோவான் பதின்மூன்று மாதங்கள் இந்நாட்டில் தங்கினார். பல ஊர்களில் ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவர் பின்னர் எழுதினார். இங்கேயே அவருடைய தோழர் நிக்கோலாஸ் நோயுற்று இறந்தார். தோமையார் கோயிலிலேயே அவரை அடக்கம் செய்துவிட்டு யோவான் தம் பயணத்தைத் தொடர்ந்தார்.

இக்கரையிலிருந்து அவர் எழுதியதாகக் கொள்ளப்படும் மடல் ஒன்று, மெனென்தில்லுஸ் என்னும் துறவியின் படி வழியாக இத்தாலிய மொழியில் நிலைத்துள்ளது. தமிழர்க்கு அது அரியதோர் ஆவணம். நாட்டின் வெப்பம், காற்றின் திசை மாற்றம், இஞ்சி, இலவங்கம் முதலிய பயிர்கள், மக்களின் நிறம், உணவு, பசுவை அவர்கள் போற்றும் முறை, இறந்தோரை எரியூட்டும் வழக்கம் ஆகிய பலவும் அதில் பதிவாகியுள்ளன. கண்ணாற் கண்டவற்றைச் சொல்வதில் அம்மடல் பெரும்பாலும் பிழைபடவில்லை.

ஆனால் அதே மடலில் ஒரு கூற்று தமிழரைத் திடுக்கிடச் செய்யும். இந்நாட்டு மக்களுக்கு நூல்கள் இல்லை. கணக்கு எழுதவும் தம் தெய்வங்களுக்கான மந்திரங்களை எழுதவும் மட்டுமே பயன்படும் எழுத்து வரிசை ஒன்று உண்டு. அதனையும் தாளில் எழுதாமல் பனையோலை போன்ற இலைகளில் எழுதுகின்றனர் என்னும் பொருள்பட அம்மடல் பேசுகின்றது.

அவ்வாறு எழுதப்பட்ட நாளில் சங்கப் பாடல்கள் தோன்றி ஆயிரம் ஆண்டுகள் கடந்திருந்தன. திருக்குறளுக்கு உரைகள் எழுந்துகொண்டிருந்தன. கம்பனின் காவியம் அரங்கேறியிருந்தது. பவணந்தியார் நன்னூலை இயற்றியிருந்தார். மெய்கண்டார் சிவஞானபோதம் செய்த நூற்றாண்டும் அதுவே. அவை அனைத்தும் யோவான் கண்ட அதே பனையோலைகளில்தான் இருந்தன. ஓலையை அவர் கண்டார். ஓலையில் இருந்ததைக் காணவில்லை.

இதனைப் பகைமையின் விளைவு என்று கொள்வதற்கில்லை. தமிழைக் கற்றதாக யோவான் தம் மடல் எதிலும் கூறவில்லை. கடைவீதியில் கணக்கு எழுதுவோரையும் கோயிலில் ஓலை வைத்திருப்போரையும் வெளியே நின்று பார்த்த ஒருவர் எத்தகைய முடிவுக்கு வரக்கூடுமோ, அத்தகைய முடிவுக்கு அவரும் வந்தார். பதின்மூன்று மாதங்களில் ஒரு நாட்டின் காற்றையும் பயிரையும் அறிந்துகொள்ளலாம். மொழி அறியாமல் அதன் உள்ளத்தை அறிந்துகொள்ள இயலாது.

தலைநகரில் தனியராய்

தமிழகக் கரையிலிருந்து சீனம் செல்லும் மரக்கலங்கள் அன்று சுமாத்திராவுக்கும் மலாயாத் தீபகற்பத்துக்கும் இடைப்பட்ட நீரிணை வழியே சென்றன. மலாக்கா நகரம் தோன்றுவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. அக்கடல்வழியில் தமிழ் வணிகர் புதியவர் அல்லர். தென்சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281-இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. கானின் நலம் வேண்டி அங்குச் சிவபெருமான் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. தமிழ் வரிகளின் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. நூல்கள் இல்லாதவர் என்று யோவான் கருதிய மக்கள், அவர் செல்லவிருந்த நாட்டில் தம் எழுத்தைக் கல்லில் முன்னரே நிறுத்தியிருந்தனர்.

1294-ஐ ஒட்டி யோவான் கான்பாலிக் நகரை அடைந்தார். இன்றைய பெய்ஜிங் நகரமே அது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் குப்ளாய் கான் மறைந்துவிட்டார். அவருடைய பெயரர் தெமூர் அரியணை ஏறியிருந்தார். போப்பாண்டவரின் மடலைப் பெற்ற பேரரசர் சமயம் மாறவில்லை. எனினும் தூதருக்குரிய மதிப்பளித்துத் தலைநகரில் வாழ இடமளித்தார்.

எதிர்ப்பு வந்தது மாற்றுச் சமயத்தாரிடமிருந்து அன்று, கிறித்தவர்களிடமிருந்தே வந்தது. நெஸ்தோரியர் என வழங்கப்பட்ட கீழைத் திருச்சபையினர் கி.பி. 635-இலேயே சீனம் புகுந்தவர்கள். மங்கோலியர் ஆட்சியில் அவர்களுக்குச் செல்வாக்கு மிகுந்திருந்தது. புதிதாய் வந்த இலத்தீன் துறவியை அவர்கள் தம் மந்தையைக் கவர வந்தவராகவே கண்டனர். உண்மையான தூதரை இந்தியாவில் கொன்றுவிட்டு அவர் கொணர்ந்த பரிசில்களைக் கவர்ந்து வந்த ஒற்றன் இவன் என்று குற்றம் சாட்டப்பட்டது. ஐந்து ஆண்டுகள் யோவான் இப்பழியைச் சுமந்தார். பன்முறை அவர் முறைமன்றத்தில் நிறுத்தப்பட்டார். இறுதியில் ஒருவன் உண்மையை ஒப்புக்கொள்ள, பழி நீங்கியது. பொய்யுரைத்தோர் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுடைய மனைவி மக்களும் உடன் கடத்தப்பட்டனர் என்று யோவான் எழுதுகின்றார். அக்கால நீதியின் கடுமையை அவ்வரி காட்டுகின்றது.

பழியினும் கொடியது தனிமை. பதினோர் ஆண்டுகள் தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஒரு குருவும் இன்றி அவர் வாழ்ந்தார். கொலோன் நகரைச் சேர்ந்த அர்னால்டு என்னும் சகோதரர் வந்து சேர்ந்த பின்னரே அக்குறை நீங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் தாயகத்திலிருந்து ஒரு செய்தியும் அவரை எட்டவில்லை. அவரை அனுப்பிய நான்காம் நிக்கோலாஸ் 1292-லேயே மறைந்தார். அவருக்குப் பின் மூவர் அப்பீடத்தில் அடுத்தடுத்து அமர்ந்து நீங்கினர். இடையே வந்த லொம்பார்தியா நாட்டு மருத்துவர் ஒருவர் உரோமையைப் பற்றியும் பிரான்சிஸ்குச் சபையைப் பற்றியும் இழிவான செய்திகளைப் பரப்பினார். மெய்யோ பொய்யோ என்று உசாவி அறிய யோவானுக்கு வழியில்லை. 1305-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் எழுதிய மடலில், தமக்கு ஐம்பத்தெட்டு வயதே ஆயினும் ஆண்டுகளால் அன்றி உழைப்பாலும் துயராலும் தலை நரைத்துவிட்டது என்று அவர் குறிப்பிடுகின்றார். முறையிடும் தொனி அதில் இல்லை. கணக்கு ஒப்படைப்பவரின் அமைதியே இருக்கின்றது.

மொழி திறந்த வாயில்

அதே மடலில், தாம் தார்த்தாரியரின் மொழியையும் எழுத்தையும் போதிய அளவு கற்றுத் தேர்ந்துவிட்டதாக யோவான் எழுதினார். புதிய ஏற்பாடு முழுவதையும் சங்கீதங்களையும் அம்மொழியில் பெயர்த்து, அழகுற எழுதச் செய்திருந்தார். மயிலாப்பூரில் ஓலைக்கு வெளியே நின்றவர், கான்பாலிக்கில் எழுத்துக்கு உள்ளே நுழைந்தார்.

அதன் பயன் ஓங்குத் இனத்து மன்னர் ஜார்ஜ் வாயிலாக முதலில் வெளிப்பட்டது. நெஸ்தோரியக் கிறித்தவரான அம்மன்னர், யோவான் வந்த முதல் ஆண்டிலேயே உரோமைத் திருச்சபையைத் தழுவினார். தலைநகரிலிருந்து இருபது நாள் பயணத் தொலைவில் இருந்த தம் நாட்டில் அவர் ஓர் அழகிய ஆலயம் எழுப்பினார். அவ்வாலயத்தில் யோவான் இலத்தீன் முறைப்படி திருப்பலி ஆற்றும்போது, அதன் நடுநாயகமான மன்றாட்டுகளைத் தார்த்தார் மொழியிலேயே வாசித்தார். வழிபாட்டு நூல்கள் அனைத்தையும் மொழிபெயர்த்து நாடெங்கும் பாடச் செய்ய வேண்டும் என்று மன்னரும் துறவியும் திட்டமிட்டனர்.

இதன் அருமையை உணர ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்க ஆலயங்களில், தமிழர் வழிபடும் ஆலயங்கள் உட்பட, 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே மக்கள் மொழித் திருப்பலி பரவலாயிற்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முதியோர் பலர் இலத்தீன் மந்திரங்களைப் பொருள் அறியாமல் கேட்டு வளர்ந்தவர்களே. ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, தலைமையிடத்தைக் கேட்டறிய வழியற்ற ஒரு தனித் துறவி, கேட்போர்க்குப் புரியும் மொழியில் திருப்பலியின் சொற்களை வாசித்திருக்கின்றார்.

திட்டம் நிறைவேறவில்லை. 1299-ஐ ஒட்டி ஜார்ஜ் மன்னர் இறந்தார். யோவானின் பெயரையே சூட்டியிருந்த அவருடைய மகன் அப்பொழுது தொட்டிற் குழந்தை. மன்னரின் உடன்பிறந்தார் மக்களை மீண்டும் பழைய திருச்சபைக்கே அழைத்துச் சென்றனர். ஒரே ஒருவரின் ஆதரவைச் சார்ந்த பணி அவரோடு சரிந்தது. பின்னாளில் நிகழவிருந்த பெரிய சரிவுக்கு இது ஒரு முன்னறிவிப்பு.

நாற்பது சிறுவர்கள்

கான்பாலிக்கில் யோவான் கட்டிய முதல் ஆலயம் 1299-ஐ ஒட்டி நிறைவு பெற்றது. அதன் கோபுரத்தில் மூன்று மணிகள் தொங்கின. 1305-க்குள் ஏறத்தாழ ஆறாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்திருந்தார். பொய்ப்பழி மட்டும் எழாதிருந்தால் அத்தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும் என்பது அவர் கணிப்பு. 1305-இல், அவருடன் தப்ரீசிலிருந்து வந்த வணிகர் பேதுரு அரண்மனை வாயிலுக்கு அருகே நிலம் வாங்கி அளிக்க, இரண்டாம் ஆலயமும் எழுந்தது. அதன் உச்சியில் செந்நிறச் சிலுவை நிறுத்தப்பட்டது. ஆண்டவனுக்கு அளிக்கும் காணிக்கையாக ஒரு வணிகர் அந்நிலத்தைக் கொடுத்தார் என்பதை யோவான் நன்றியோடு குறிக்கின்றார்.

அவருடைய பணியில் இன்றைய உள்ளத்தை உறுத்தும் ஒன்றும் உண்டு. ஏழு வயது முதல் பதினொரு வயது வரை உள்ள சிறுவர் நாற்பது பேரை அவர் விலை கொடுத்து வாங்கினார். அவர்களுக்குத் திருமுழுக்கு அளித்து, இலத்தீன் எழுத்தும் வழிபாட்டு முறையும் கற்பித்தார். அவர்களுக்காகச் சங்கீத நூல்களையும் பாடல் நூல்களையும் தம் கையாலேயே படியெடுத்தார். ஏறத்தாழ முப்பது நூல்கள் அவ்வாறு உருவாயின. இசைக் குறிப்பு நூல்கள் இல்லாமையால் பாடல்களைச் செவிவழியாகவே பயிற்றுவித்தார். அச்சிறுவர்கள் பாடுவதைக் கேட்டுப் பேரரசர் மகிழ்ந்தார் என்று மடல் கூறுகின்றது.

குழந்தைகள் விற்கப்பட்டது அக்காலத்து வறுமையின் கொடுமை. அவர்களை வாங்குவது அக்காலத்தில் இருந்த வழக்கம். ஆயினும் அந்நாற்பது பேரின் விருப்பத்தை எவரும் கேட்டிலர் என்பதை மறைத்துவிட்டு யோவானைப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. அவர்கள் எந்த இனத்தவர், யாருடைய மக்கள், பின்னர் என்ன ஆயினர் என்பதை அம்மடல்கள் கூறவில்லை. தம் தலைநரையைப் பற்றி எழுதிய நல்ல உள்ளம், தம் அருகே பாடிய சிறுவன் ஒருவனின் பெயரையும் எழுதவில்லை. அன்பும் கண்மறைப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மடலும் மறுமொழியும்

யோவானின் 1305, 1306-ஆம் ஆண்டு மடல்கள் ஐரோப்பாவை அடைந்தபோது உரோமைத் திருச்சபை வியப்பில் ஆழ்ந்தது. மறைந்துபோனார் என எண்ணத்தக்க ஒருவர் உயிரோடு இருந்ததோடு, இரண்டு ஆலயங்களும் கட்டியிருந்தார். தமக்கென அவர் கேட்டவை பாடற்குறிப்பு நூல், புனிதர் வரலாறு, சங்கீத நூல் ஆகியவையும் உடன் உழைக்கச் சில சகோதரருமே. போப்பாண்டவர் ஐந்தாம் கிளெமென்ட் 1307-இல் அவரைக் கான்பாலிக் நகரின் பேராயராக உயர்த்தி, அவருக்குத் துணையாகப் பிரான்சிஸ்குச் சபையினர் எழுவரை ஆயர்களாக்கி அனுப்ப முனைந்தார். அவர்களுள் மூவர் இந்தியாவின் வெப்பத்தைத் தாங்காமல் வழியிலேயே மாண்டனர். ஜெரார்து, பெரெகிரினோ, அந்திரேயா ஆகிய மூவரே சீனம் சேர்ந்தனர். தனியாய் இருந்த யோவானுக்கு ஐம்பது அகவையின் இறுதிக்குப் பின்னரே உடன்பிறப்புகள் வாய்த்தனர்.

அம்மூவரும் ஒருவர் பின் ஒருவராகச் சுவான்சோ துறைமுகத்தின் ஆயர் பொறுப்பை ஏற்றனர். ஆர்மேனிய நாட்டுச் செல்வப் பெண்மணி ஒருவர் அந்நகரில் பெரிய ஆலயம் எழுப்பியிருந்தார். பேரரசின் கருவூலத்திலிருந்து துறவிகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. பொர்தெனோனே ஓதோரிக் என்னும் மற்றொரு பிரான்சிஸ்குத் துறவியும் மயிலாப்பூர் வழியே வந்து, கான்பாலிக்கில் மூன்றாண்டுகள் தங்கித் தம் பயண நூலில் சீனத்தின் வளத்தை விரித்துரைத்தார். வெளிப்பார்வைக்குப் பணி வேரூன்றிவிட்டது போலவே தோன்றியது.

மறைவும் மறதியும்

யோவான் 1328-ஐ ஒட்டி மறைந்தார். எண்பது வயதைக் கடந்திருந்த அவருடைய இறுதி ஊர்வலத்தில் கிறித்தவரும் கிறித்தவர் அல்லாதாரும் பெருந்திரளாகக் கூடினர் என்றும், அவருடைய ஆடையின் துணுக்குகளைத் திருப்பொருளாக மக்கள் எடுத்துச் சென்றனர் என்றும் அக்கால நூல் ஒன்று கூறுகின்றது. அவருக்குப் பின் நியமிக்கப்பெற்ற பேராயர் தலைநகரை வந்தடையவில்லை. 1336-இல், அரசுப் படையில் இருந்த ஆலன் இனத்துக் கிறித்தவத் தலைவர்கள், எட்டு ஆண்டுகளாகத் தாங்கள் மேய்ப்பன் இன்றித் தவிப்பதாகப் போப்பாண்டவருக்கு எழுதினர். அதன் விளைவாக மரிஞ்ஞோல்லி யோவான் என்னும் துறவி 1342-இல் கான்பாலிக் வந்தார். சில ஆண்டுகளில் அவரும் திரும்பினார்.

1368-இல் மங்கோலிய ஆட்சி வீழ்ந்தது. மிங் மரபினர் அரியணை ஏறினர். கான்பாலிக்கின் ஆலயங்களும் அடியார்களும் வரலாற்றிலிருந்து மறைந்தனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்து, 1601-இல் இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி அதே நகரில் குடியேறியபோது, யோவானின் பணி தொடர்ந்து வந்ததற்கு அடையாளம் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

அவ்வளவு உழைப்பும் ஏன் அழிந்தது? நெடுந்தொலைவு ஒரு காரணம். ஐரோப்பாவைப் பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் வாட்டிய கொள்ளை நோய் மற்றொரு காரணம். ஆட்சி மாற்றம் முதன்மையான காரணம். எனினும் ஆட்சி மாறினால் சமயம் ஏன் உடன் மறைய வேண்டும் என்ற வினாவுக்கு யோவானின் மடலிலேயே விடை காணலாம். கல்லாதோர்க்குப் பயன்படும் வண்ணம் விவிலிய நிகழ்ச்சிகளை ஆறு ஓவியங்களாக அவர் தீட்டச் செய்தார். எல்லாரும் படித்துணரும்படி அவற்றில் மூன்று மொழிகளில் விளக்கம் எழுதச் செய்ததாக 1306-ஆம் ஆண்டு மடலில் குறிக்கின்றார். இலத்தீன், உய்குர் எழுத்து எனக் கருதப்படும் தார்சிக், பாரசீகம் ஆகியவையே அம்மூன்று.

அந்நகரைச் சூழ்ந்து வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களின் மொழியாகிய சீனம் அப்பட்டியலில் இல்லை. யோவான் கற்றது ஆள்வோரின் மொழி. அவர் பெயர்த்தது ஆள்வோரின் மொழியில். அவரைத் தழுவிய ஓங்குத்தரும் ஆலன் வீரரும் ஆள்வோரோடு வந்தவர்கள், அல்லது அவர்களைச் சார்ந்தவர்கள். ஆள்வோர் வடக்கே பின்வாங்கியபோது அவர்களோடு அம்மொழியும் அம்மொழியில் ஒலித்த மன்றாட்டும் சென்றுவிட்டன. பின்வந்த ரிச்சி சீன மொழியைக் கற்றுச் சீன மொழியிலேயே நூல்கள் இயற்றினார். மிங் ஆட்சி 1644-இல் வீழ்ந்த பின்னரும் அவருடைய பணி தொடர்ந்தது. இரண்டு வரலாறுகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் மொழிக்குப் பெரும் பங்கு உண்டு.

எஞ்சியவை

யோவானின் மொழிபெயர்ப்பு இன்று இல்லை. அவர் கட்டிய ஆலயங்கள் இல்லை. உள் மங்கோலியாவில் ஓலோன் சுமே என்னும் பாழ்நகரில், ஜார்ஜ் மன்னர் எழுப்பிய ஆலயத்தின் எச்சங்கள் எனக் கருதப்படுபவற்றை ஜப்பானிய அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டில் கண்டறிந்தனர். சுவான்சோ நகரில் 1946-இல் ஆயர் அந்திரேயாவின் இலத்தீன் கல்லறைக் கல் கிடைத்தது. கான் நலம் வேண்டிய தமிழ்க் கல்வெட்டும் அதே நகரத்தில் கண்டெடுக்கப்பட்டதே. ஒருவரை ஒருவர் படித்தறியாத இரு மக்களின் எழுத்துகள் ஒரே மண்ணில் பல நூற்றாண்டுகள் அருகருகே புதைந்து கிடந்தன.

யோவான் கோழை அல்லர். பொருளை நாடியவர் அல்லர். பதவியைத் தேடிச் சென்றவரும் அல்லர். தமக்கெனத் திரும்பும் வழி எதையும் வைத்துக்கொள்ளாமல் நடந்தார். பழியைப் பொறுத்தார், தனிமையைப் பொறுத்தார். ஐம்பது வயதை நெருங்கிய பின்னர் ஒரு புதிய மொழியைக் கற்று அதில் ஒரு மறைநூலைப் பெயர்த்தார். இவ்வளவும் செய்த ஒருவர், தமிழரிடையே ஓராண்டு வாழ்ந்து நூல் இல்லாத மக்கள் என்று எழுதிச் சென்றார். சீனரிடையே ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தும், அவர்கள் மொழிக்குத் தம் ஓவியங்களில் இடமளிக்கவில்லை. அன்பும் தியாகமும் ஒருவரை வேற்று மக்களின் வாயில் வரை கொண்டு சேர்க்கும். வாயிலைத் திறந்து உள்ளே அழைத்துச் செல்வது அம்மக்களின் மொழி.

பல மொழியினர் ஒரே தெருவில், ஒரே தொழிற்சாலையில், ஒரே பள்ளியில் கூடி வாழும் நாடுகளுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இத்துறவியின் வரலாறு இன்றும் பொருள் உடையது. அண்டை வீட்டாரின் உணவையும் உடையையும் திருவிழாவையும் அறிந்திருப்பது எளிது. அவர்களுடைய ஓலைகளில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறிய முற்படுவதே அரிது. அதுவே நிலைத்து நிற்பது.